இரண்டாவது திரை எங்கே போயிற்று?

2018 மார்ச் 29 அன்று, மேக் கணினிகளுக்கான ஹை சியரா இயங்குதளத்தின் 10.13.4 பதிப்பை ஆப்பிள் வெளியிட்டது. ஆரவாரம் இல்லாத, வழக்கமான அப்டேட். அதைப் போட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், கணினி மறுபடி எழுந்தபோது மேசையில் பாதி இருட்டாக இருந்தது. லேப்டாப்பின் சொந்தத் திரை ஒளிர்ந்தது. பக்கத்தில் நின்ற வெளி மானிட்டர்கள் கறுத்துக் கிடந்தன.

அவர்கள் எல்லாரும் ஒரே யூஎஸ்பி கேபிளில் ‘டாக்’ என்கிற இணைப்புப் பெட்டியை மாட்டி, அதிலிருந்து மானிட்டர்களுக்குப் படம் எடுத்தவர்கள். பெட்டிக்குள் இருந்தது டிஸ்ப்ளேலிங்க் நிறுவனத்தின் சிப். இதில் ஒரு வேடிக்கை. அதே பெட்டி, அதே கேபிள் வழியாக வந்த இணையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒலியும் கேட்டது. படம் மட்டும்தான் வரவில்லை.

கேபிள் பழுது என்றால் எல்லாமே நின்றிருக்க வேண்டும். மானிட்டர் பழுது என்றால், வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நிறுவனங்கள் செய்த மானிட்டர்கள் எப்படிச் சொல்லிவைத்தாற்போல் ஒரே அப்டேட்டுக்குப் பின் பழுதாகும்? இந்த முடிச்சை அவிழ்க்க, கணினிக்கும் திரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்கிற எவருக்கும் ஏதோ ஒரு காலையில் இந்த அனுபவம் வாய்க்கும். ராத்திரி அப்டேட் ஓடி முடிந்திருக்கும். காலையில் ஒரு மானிட்டர் எரியும். மற்றதில் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து மிதந்துகொண்டிருக்கும். உடனே நம் கை மானிட்டரிடம்தான் போகும். தட்டிப் பார்ப்போம், கேபிளை ஆட்டிப் பார்ப்போம், கடைக்காரருக்குப் போன் போடுவோம்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். எங்கே அடைத்திருக்கிறது, எந்த மதகு மூடியிருக்கிறது, மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி யார் வயலுக்குத் திறந்துவிட்டிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே ஏரிக்கரை வரை போவார். இருண்ட திரையும் தண்ணீர் வராத வயல்தான். ஏரி எது, மதகு எது என்று தெரிந்துவிட்டால் நாமும் அப்படியே நடக்கலாம்.

ஏரியும் மதகும்

திரையில் நாம் பார்க்கும் படம், கணினியின் நினைவகத்தில் எண்களாகக் கிடக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்கிற கணக்கு அது. ஃபுல் எச்டி மானிட்டரில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் ஒதுக்குவது வழக்கம். ஆகவே ஒரே ஒரு படத்துக்கு ஏறத்தாழ 83 லட்சம் பைட். இந்த எண்கள் தங்கும் இடத்துக்கு ஃப்ரேம் பஃபர் என்று பெயர். அதுதான் நம் ஏரி.

மானிட்டர் ஒருமுறை படத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாது. பெரும்பாலான மானிட்டர்களுக்கு நொடிக்கு 60 முறை முழுப் படமும் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை புதிதாகப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் ஒரு எழுத்துகூடத் தட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இது நிற்காது. ஃபுல் எச்டி திரை ஒன்றுக்கே நொடிக்குச் சுமார் 50 கோடி பைட் ஏரியிலிருந்து இறைக்கப்படுகிறது. 4கே திரையில் புள்ளிகள் நான்கு மடங்கு என்பதால் நொடிக்கு 200 கோடி பைட்டை நெருங்கும்.

இப்படி இறைப்பதற்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனி மின்சுற்று உண்டு. லினக்ஸ் நிரலாளர்கள் அதை இன்றும் ‘சிஆர்டிசி’ என்றே எழுதுகிறார்கள். சிஆர்டி கண்ட்ரோலர் என்பதன் சுருக்கம் அது. கனத்த கண்ணாடிக் குழாய் மானிட்டர்கள் காயலான் கடைக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் சிப்புக்குள் குடியிருக்கிறது. ஒரு மின்சுற்று ஒரு நேரத்தில் ஒரு படத்தைத்தான் வாசித்து அனுப்பும். ஒரே படத்தை இரண்டு திரையில் காட்டுவது வேறு. இரண்டு திரையில் இரண்டு வேறு படம் வேண்டுமென்றால் இரண்டு மின்சுற்று வேண்டும். இவைதான் மதகுகள். சிப்பை வார்க்கும்போதே எண்ணிக்கை முடிவாகிவிடும். பின்னால் எந்த அப்டேட்டும் புதிதாக ஒன்றைக் கட்டித்தர முடியாது.

ஏரி ததும்பினாலும் மதகு இரண்டென்றால் வாய்க்காலும் இரண்டுதான். 2020 நவம்பரில் வந்த ஆப்பிளின் எம்1 சிப் வேகத்தில் பெயர் வாங்கியது. ஆனால் அந்தச் சிப்போடு வந்த மேக்புக் ஏர் லேப்டாப்பில் ஒரே ஒரு வெளித் திரைக்குத்தான் வழி இருந்தது. அதே ஆண்டில் முன்னதாக வந்த இன்டெல் மேக்புக் ஏரில் இரண்டு 4கே மானிட்டர்களை மாட்ட முடிந்தது. அதை நம்பி இரண்டு மானிட்டர் வாங்கி வைத்திருந்தவர்கள், புதிய லேப்டாப்பின் பக்கவாட்டில் இரண்டு போர்ட் இருப்பதைப் பார்த்து ஏமாந்தார்கள். போர்ட் என்பது கரையில் தெரியும் வாய்க்கால் வாய். உள்ளே மதகு இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

மானிட்டரின் ஜாதகம்

கேபிளை மாட்டியதும் படம் பாய்ந்துவிடுவதில்லை. முதலில் ஒரு பெண் பார்க்கும் படலம் நடக்கிறது.

எச்டிஎம்ஐ கேபிளில் 19 பின்கள் இருக்கின்றன. 18ஆவது பின் வழியாகக் கணினி 5 வோல்ட் மின்சாரம் அனுப்பும். மானிட்டர் அதைப் பெற்றுக்கொண்டு, 19ஆவது பின்னில் மின்னழுத்தத்தை உயர்த்திக் காட்டும். வகுப்பில் ஆஜர் சொல்லிக் கை தூக்குவது மாதிரி. கையைப் பார்த்ததும் கணினி, 15, 16ஆவது பின்கள் வழியாக ‘நீ யார்?’ என்று கேட்கும். பதிலாக மானிட்டர் 128 பைட் நீளமுள்ள ஒரு குறிப்பை நீட்டும். ஈடிஐடி என்று பெயர். வெசா என்ற தரநிர்ணய அமைப்பு 1994இல் வகுத்தது. அதில் இருப்பதைப் பார்த்தால் ஜாதகம் என்று சொல்வதே பொருத்தம்.

எந்தக் குடும்பம் என்பதற்கு மூன்று எழுத்துக் குறி. பிறகு மாடல் எண், வரிசை எண். பிறந்த வாரம், பிறந்த ஆண்டு. ஆண்டை 1990இலிருந்து எண்ணிக் குறித்திருப்பார்கள். திரையின் நீள அகலம் சென்டிமீட்டரில். எந்த அளவுப் படத்தை, நொடிக்கு எத்தனை முறை வாங்க முடியும் என்ற பட்டியல். எல்ஜி மானிட்டர்கள் இன்றைக்கும் தங்கள் குடும்பப் பெயரை ‘ஜிஎஸ்எம்’ என்றே சொல்கின்றன. அந்த நிறுவனம் கோல்ட்ஸ்டார் என்று அழைக்கப்பட்ட காலத்தின் மிச்சம் அது. 128 பைட்டில் கடைசி பைட் சரிபார்ப்புக்கானது. எல்லா பைட்டுகளையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லையென்றால் வழியில் எங்கோ எழுத்து சிதைந்திருக்கிறது என்று கணினி புரிந்துகொள்ளும். நல்ல மானிட்டர் திடீரென்று பெயர் தெரியாத மானிட்டராகவும், எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகவும் தெரிந்தால், ஜாதகம் கை மாறும் இடத்தில் கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

இந்தக் குறிப்பைச் சுமக்கும் குட்டி சிப், கணினி அனுப்பும் 5 வோல்ட்டிலேயே இயங்கக்கூடியது. அதனால் சுவர் பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்ட மானிட்டர்கூடச் சில நேரம் தன் ஜாதகத்தை ஒழுங்காக ஒப்பிக்கும். செட்டிங்ஸில் இரண்டாவது மானிட்டரின் பெயர் தெரிகிறதே, அப்புறம் ஏன் படம் இல்லை என்று குழம்புவோர் முதலில் அதன் பவர் கேபிளைப் பார்ப்பது நல்லது.

ஜாதகத்தை வைத்துத்தான் கணினி உங்கள் மேசையை நினைவில் வைத்திருக்கிறது. இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது, எந்த ஜன்னல் எந்தத் திரையில் என்பதையெல்லாம், மாட்டியிருக்கும் மானிட்டர்களின் அடையாளத்தோடு சேர்த்து விண்டோஸ் ஒரு பேரேட்டில் எழுதி வைக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் என்கிற இன்னொரு வகை இணைப்பின் வழியாக இணைந்த சில மானிட்டர்கள் தூங்கப் போகும்போது தூக்கிய கையையும் இறக்கிவிடும். கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று விண்டோஸ் எண்ணி, எல்லா ஜன்னல்களையும் மிச்சமிருக்கும் திரையில் கொண்டுபோய்க் குவிக்கும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மேசை கலைந்திருக்கும். இதைச் சரிசெய்ய விண்டோஸ் 11இல் தனி ஏற்பாடே செய்தார்கள்.

வாய்க்காலின் அகலம்

ஜாதகம் பொருந்திவிட்டது. இனி தண்ணீர் பாய வேண்டும். வாய்க்கால் தாங்குமா?

4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப, இடைவெளிகளையும் சேர்த்து நொடிக்குச் சுமார் 12.8 ஜிகாபிட் தேவை. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 இதைத் தாங்காது. 4கே என்றால் நொடிக்கு 30 முறையோடு நின்றுவிடும். 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 வாய்க்காலை அகலப்படுத்தியது. 18 ஜிகாபிட் என்று விளம்பரத்தில் இருக்கும். பிழையில்லாமல் போய்ச் சேர்வதற்கான குறியேற்றச் செலவு போக, படத்துக்குக் கிடைப்பது 14.4.

டிஸ்ப்ளேபோர்ட்டில் இன்னொரு வசதி. 2010இல் வந்த அதன் 1.2 பதிப்பிலிருந்து, ஒரே கேபிளில் பல திரைகளுக்கான படத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பி, மறுமுனையில் பிரித்துக்கொள்ள முடிகிறது. எம்எஸ்டி என்கிற இந்த முறையில்தான் பல டாக்குகள் ஒரு கேபிளை இரண்டு மானிட்டராக்குகின்றன. விண்டோஸுக்கு இந்த வித்தை தெரியும். ஆனால் மேக்கில் இத்தகைய டாக்கை மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் தெரியும். டாக்கில் பழுது ஒன்றும் இல்லை. பிரித்து அனுப்பும் முறையை மேக் இயங்குதளம் கையில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

யூஎஸ்பி-சி டாக்கில் வாய்க்கால் இன்னும் குறுகும். அந்தக் கேபிளில் நான்கு அதிவேகப் பாதைகள் உண்டு. யூஎஸ்பி வேகமும் வேண்டும், படமும் வேண்டும் என்றால் இரண்டு அதற்கு, இரண்டு இதற்கு என்று பாகம் பிரிய வேண்டியதுதான். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு பாதை தருவது 8.64 ஜிகாபிட். ஃபுல் எச்டி திரை ஒன்றுக்குச் சுமார் 3.3 ஜிகாபிட் போதும் என்பதால் இரண்டு திரைகள் சௌகரியமாக உட்காரும். ஒரே ஒரு 4கே திரை 60 முறை வேகத்தில் கேட்டால் அதுவே உட்காராது.

டிஸ்ப்ளேபோர்ட்டில் படம் கிளம்பும் முன் இரண்டு முனைகளும் ஒத்திகை பார்க்கின்றன. இந்த வேகத்தில் அனுப்பட்டுமா, தெளிவாக வருகிறதா, கொஞ்சம் அழுத்தம் கூட்டட்டுமா என்று மாறி மாறிப் பேசி, தாங்கக்கூடிய உச்ச வேகத்தில் நிற்கும். இங்கேதான் அப்டேட் ஒரு விளையாட்டுக் காட்டும். பழைய மென்பொருள் அடக்கமாக ஒரு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும். புதியது இன்னும் ஒரு படி ஏறலாமே என்று முயலும். அல்லது வண்ண ஆழத்தை 8 பிட்டிலிருந்து 10 பிட்டாக்கி, தண்ணீரின் அளவை 25 சதவீதம் கூட்டும். இத்தனை நாள் நன்றாக இருந்த சுமார் ரகக் கேபிள் அன்றைக்குப் பார்த்துத் திணறும். திரை மினுக்கும், அல்லது இருளும். நேற்றுவரை ஓடியதே என்று கேபிளுக்கு நற்சான்று கொடுப்பது அதனால்தான் செல்லாது. நேற்று அதன் மேல் ஏற்றிய பாரம் வேறு.

நீர்க்கட்டி மாறினால்

ஏரியும் மதகும் வாய்க்காலும் வன்பொருள். ராத்திரி ஓடிய அப்டேட் அவற்றில் ஒரு கல்லைக்கூட நகர்த்தியிருக்காது. அது மாற்றுவது நீர்க்கட்டியை. எந்த மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்று அறிந்தவர் அவர். கணினியில் அவர் பெயர் டிரைவர்.

கிராபிக்ஸ் சிப் ஒவ்வொன்றின் மதகும் ஒவ்வொரு மாதிரி. எனவே அந்தந்தச் சிப்புக்கென்று எழுதிய டிரைவர் வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு அந்த டிரைவர் ஏறாமல் போனால் விண்டோஸ் கைவிட்டுவிடாது. மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற பொதுவான ஆளை உட்கார வைக்கும். கணினியை இயக்கியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே, தாய்ப்பலகையில் உறையும் அடிப்படை மென்பொருள் எந்தத் திரையை எழுப்பி வைத்ததோ, அந்த ஒன்றையே அவர் அப்படியே தொடர்ந்து ஓட்டுவார். இரண்டாவது மதகு இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரு திரை மங்கிய, பெருத்த எழுத்தோடும் மற்றது இருட்டாகவும் இருந்தால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற தலைப்பின் கீழ் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பொது ஆளின் பெயர் இருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. சிப் தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவினால் இரண்டாவது மதகு திறக்கும்.

லினக்ஸில் இதே கதை வேறு வேடத்தில் வரும். என்விடியா டிரைவர் போன்றவை இயங்குதளக் கருவான கெர்னலுக்கு வெளியே வளர்பவை. கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதற்கேற்ப இவையும் மறுபடி தொகுக்கப்பட வேண்டும். ஏதோ ஒரு கோப்பு இல்லாமல் தொகுப்பு தோற்றாலோ, செக்யூர் பூட் காவலுக்கு அந்தத் தொகுப்பின் கையெழுத்து தெரியாமல் போனாலோ, டிரைவர் வாசலிலேயே நிறுத்தப்படும். இதற்கு லினக்ஸ் ஒரு நேர்த்தியான சோதனையும் வைத்திருக்கிறது. கணினி எழும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் இரண்டு திரையும் எரிந்தால், கேபிள், மானிட்டர், சிப் மூன்றும் ஒரே நொடியில் சந்தேகத்திலிருந்து விடுபடுகின்றன. மாறியது ஒன்றுதான், குற்றவாளியும் அதுதான்.

கரையோடு நடப்பது

அறிவியல் ஆய்வுக்கூடத்துக்கு இருக்கும் ஒழுங்கு இங்கும் உதவும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, என்ன ஆயிற்று என்று பார். பதற்றத்தில் கேபிளையும் மாற்றி, டிரைவரையும் அழித்து, செட்டிங்ஸையும் கலைத்தவருக்குத் திரை எரிந்தாலும் எதனால் எரிந்தது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

முதலில், காசில்லாத காரியங்கள். மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு தெரிந்தால் திரைக்கும் விளக்குக்கும் உயிர் இருக்கிறது. அதே மெனுவில், படம் வரும் உள்ளீடு நீங்கள் கேபிள் மாட்டிய போர்ட்தானா என்று பாருங்கள். விண்டோஸ் விசையோடு ‘பி’ (P) எழுத்தைத் தட்டினால், ஒரு திரை மட்டுமா, இரண்டிலும் ஒரே படமா, நீட்சியா என்று கேட்கும். அப்டேட் இந்த இடத்தைக் கலைத்துவிட்டுப் போயிருந்தால் ஒரு சொடுக்கில் வேலை முடியும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தான ‘பி’யை (B) தட்டினால் திரை ஒரு கணம் அணைந்து எரியும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாக எழுந்து, மானிட்டர்களை மறுபடி அழைத்துப் பார்க்கிறது என்று பொருள்.

அடுத்தது, எல்லாரும் சொல்லும் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி உண்டு. அது செயல்பட்டால், ஷட்டவுன் கொடுக்கும்போது கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எடுத்து வைக்கப்படும். குழம்பிய டிரைவர் குழம்பியபடியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் அடியோடு புதிதாகத் தொடங்கும். பெயருக்கு மாறாக, ஷட்டவுனைவிட ரீஸ்டார்ட்தான் முழுமையான குளியல். மானிட்டருக்கும் டாக்குக்கும் உள்ளே சிறு கணினி ஒன்று ஓடுகிறது. முன்பக்க பட்டன் அதைத் தூங்கத்தான் வைக்கும். சுவர் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டால்தான் அது கண் விழித்து எழும்.

இதற்கும் மசியவில்லையென்றால், இடமாற்றுச் சோதனை. இரண்டு மானிட்டரும் ஒரே வகைப் போர்ட்டில் இருந்தால் இது கணக்குப் போட்டாற்போல் வேலை செய்யும். கேபிள்களை மானிட்டர் முனையில் மட்டும் மாற்றி மாட்டுங்கள். இருண்ட மானிட்டர் இருண்டே இருந்தால் கோளாறு அதற்குள். இருட்டு பக்கத்து மானிட்டருக்குத் தாவினால் கோளாறு அதற்கு மேலே. அப்படித் தாவியிருந்தால் இப்போது கணினி முனையில் மட்டும் மாற்றுங்கள். இருட்டு அதே மானிட்டரில் நின்றால் அதன் கேபிள்தான் காரணம். மறுபடி தாவினால் போர்ட்டிலோ அதற்கும் மேலோ போய்த் தேட வேண்டும். நான்கே செருகல்களில் சந்தேக வட்டம் சுருங்கிவிடும்.

சில நேரம் இப்படியொரு விடை வரும்: தனித்தனியாக மாட்டினால் எந்த மானிட்டரும் எந்தப் போர்ட்டிலும் எரிகிறது; சேர்த்து மாட்டினால் ஒன்றுதான் எரிகிறது. இங்கே எதுவுமே பழுதில்லை. மதகின் எண்ணிக்கையோ, வாய்க்காலின் அகலமோ போதவில்லை. எது என்று கண்டுபிடிக்க, எரிகிற திரையின் அளவை ஃபுல் எச்டிக்கு, அல்லது வேகத்தை 30க்கு இறக்குங்கள். உடனே இரண்டாவது விழித்தால் அகலம்தான் பிரச்சினை. அப்படியும் விழிக்காவிட்டால் மதகுகளை எண்ண வேண்டியதுதான்.

இத்தனை தடயமும் டிரைவரையே காட்டினால் மட்டும் அதில் கை வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ பழைய ஆளைத் திரும்ப அழைக்கும். விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றம் என்றால், முந்தைய பதிப்புக்கே திரும்ப வழக்கமாகப் பத்து நாள் அவகாசம் உண்டு.

மதகு இல்லாத ஊருக்குத் தண்ணீர் லாரி

இப்போது 2018க்குத் திரும்புவோம். டிஸ்ப்ளேலிங்க் டாக்கின் தந்திரம் இதுவரை சொன்ன எதிலும் அடங்காது. அது மதகையே கேட்பதில்லை. கணினிக்குள் ஒரு டிரைவர், இல்லாத மானிட்டரை இருப்பதாகக் காட்டும். அதற்கென்று வரையப்படும் படத்தை மொண்டு, சுருக்கி, சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்பும். டாக்கிலுள்ள சிப் அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கும். மதகு இல்லாத இடத்துக்கு லாரியில் தண்ணீர் கொண்டுபோகும் வேலை.

லாரி ஓட, ஏரியில் மொள்ள அனுமதி வேண்டும். அதாவது, இயங்குதளம் வரைந்த படத்தை வெளியாள் எடுக்க விட வேண்டும். 10.13.4 பதிப்பில் அந்த வழி அடைபட்டது. சாலையாகிய யூஎஸ்பி திறந்தே இருந்தது. அதில் இணையமும் ஒலியும் தடையின்றிப் போய்வந்தன. ஏரிக்கரைப் படி மட்டும் பூட்டியிருந்தது. படம் நின்றதும் மற்றவை நிற்காததும் இதனால்தான். மதகு வழியே நேராகப் படம் பெற்ற மானிட்டர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை கேபிள் மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அப்டேட் போடாதவர்கள் 10.13.3லேயே இருங்கள் என்று டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே சொல்ல வேண்டி வந்தது.

பின்னாளில் அந்தப் படிக்கு முறையான வாசல் வைத்தார்கள். இன்று மேக்கில் டிஸ்ப்ளேலிங்க் மென்பொருள், திரையைப் பதிவுசெய்யும் அனுமதியைப் பெற்றே இயங்குகிறது. திரைப்பதிவு செய்யும் எந்தச் செயலிக்கும் உள்ள அதே அனுமதி. அப்டேட்டுக்குப் பின் அது விலகியிருந்தாலோ, ‘இந்தச் செயலி உங்கள் திரையைப் பார்க்கிறது’ என்ற எச்சரிக்கையைக் கண்டு பயந்து நீங்களே மறுத்திருந்தாலோ, மானிட்டர் கறுக்கும். தீர்வு கேபிளில் இல்லை. பிரைவசி செட்டிங்ஸில் ஒரு பொத்தானில் இருக்கிறது. காப்புரிமைப் பூட்டுப் போட்ட திரைப்படங்கள் இத்தகைய மானிட்டரில் வெறும் கறுப்பாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். ஏரிக்குத் தெரிந்தவரை லாரியும் ஒரு பதிவுக் கருவியே.

இதே கதைக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2023இல் வந்த எம்3 சிப் பொருத்திய 14 அங்குல மேக்புக் புரோவும் ஒரு வெளித் திரையோடுதான் வந்தது. 2024 ஜூலை 29 அன்று வெளியான சொனோமா 14.6 அப்டேட்டுக்குப் பிறகு, அதே லேப்டாப்பின் மூடியைச் சாத்தினால் இரண்டு வெளி மானிட்டர்கள் எரிந்தன. புதிய சிப் இல்லை, புதிய கேபிள் இல்லை. சாத்திய மூடிக்குள் இருக்கும் சொந்தத் திரைக்குத் தண்ணீர் தேவையில்லை. அதன் பங்கை வெளியே திருப்பிவிட நீர்க்கட்டிக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

மானிட்டருக்கு இது எதுவும் தெரியாது. அப்டேட்டுக்கு முந்தைய நாளும் அது கையைத் தூக்கி, ஜாதகத்தை நீட்டிக்கொண்டுதான் நின்றது. மறுநாள்தான் மேலே ஒருவர் மதகைத் திறந்தார்.